வருமானம் வேறு, வர்க்கம் வேறு: வன்னி நாவல்களை முன்வைத்து ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் மிக மலிவாக வழங்கும் சொற்களுள் 'மத்தியதர வர்க்கம்' என்பதும் ஒன்று. ஒரு நாவலின் கதாநாயகன் எழுதுவினைஞனாக இருந்தால் அவன் மத்தியதர வர்க்கம். கூலி வேலைக்குப் போனால் அடித்தள வர்க்கம். கடையொன்றை நடத்தினால் முதலாளி வர்க்கம். இவ்வாறு பாத்திரங்களைத் தொழிலின் பெயராலும் மாத வருமானத்தாலும் வகுத்து, ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தீர்ப்பும் கூறிவிட்டால் விமர்சகனின் கடமை முடிந்தது என்ற எண்ணம் பரவி வருகிறது. வர்க்கம் என்ற கருத்தை இலக்கிய ஆய்வுக்குள் கொண்டுவந்தது முற்போக்கு அணியே. அக்கருத்து வெறும் சம்பளப் பட்டியலாகச் சுருங்கிப்போவதையும் அவ்வணியே தடுத்தல் வேண்டும்.

இக்கேள்வியை ஆராய்வதற்கு வன்னிப் பெருநிலத்தைவிட ஏற்ற களம் வேறில்லை எனலாம். எமது பாடசாலைகளின் பதிவேட்டில் 'தந்தையின் தொழில்' என்றொரு நிரல் உண்டு. வன்னிக் கிராமங்களில் அந்நிரலில் மிகுதியாகக் காணப்படும் சொல் 'விவசாயம்'. பத்து ஏக்கர் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அதன் வருவாயில் வாழ்பவரும் விவசாயி. அவ்வயலைக் குத்தகைக்கு எடுத்து, கடன்பட்டு விதைத்து, மழை பிழைத்தால் நட்டத்தைத் தாமே சுமப்பவரும் விவசாயி. அவ்வயலிலே நாட்கூலிக்குக் களை பிடுங்குகிறவரும் தம் பிள்ளையின் பதிவில் இச்சொல்லையே எழுதுவிக்கிறார். மூவரும் ஒரே வாய்க்கால் நீரை நம்பி வாழ்கின்றனர். ஆயினும் முதலாமவருக்கு இரண்டாமவரும், இரண்டாமவருக்கு மூன்றாமவரும் உழைக்கின்றனர். தொழிலின் பெயர் இவ்வுறவை வெளிக்காட்டுவதில்லை, மறைக்கிறது.

தொழிலையும் வருமானத்தையும் கொண்டு வர்க்கத்தை அளக்கும் முறையை ஒரு சாத்திரமாகவே வளர்த்தெடுத்த நாடு அமெரிக்கா. லொயிட் வோணர் என்ற ஆய்வாளர் 1930களில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் நியூபரிபோட் என்னும் சிறுநகரை 'யாங்கி நகரம்' எனப் புனைபெயரிட்டு ஆராய்ந்தார். அந்நகரத்தாரை மேலான மேல்வகுப்பு முதல் கீழான கீழ்வகுப்பு ஈறாக ஆறு படிகளில் நிறுத்தினார். 1949இல் தம் துணைவருடன் வெளியிட்ட 'அமெரிக்காவில் சமூக வகுப்பு' என்ற நூலில் அதற்கொரு கணித முறையையும் வகுத்தளித்தார். தொழிலுக்கு 4, வருமானத்தின் ஊற்றுக்கு 3, வீட்டின் வகைக்கு 3, குடியிருக்கும் பகுதிக்கு 2 என நிறைகள் தரப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒருவர் பெறும் புள்ளியை நிறையால் பெருக்கிக் கூட்டினால் அவருடைய வகுப்புத் தெரிந்துவிடும்!

இம்முறையை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் அதிலுள்ள உண்மையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். வோணர் கணக்கிட்டது வருமானத்தின் தொகையை அன்று, அதன் ஊற்றை. மூதாதையர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வரும் பணமும் நாட்கூலியாக வரும் பணமும் தொகையில் ஒன்றாயினும் தன்மையில் வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார். இவ்வளவு தூரம் வந்த அவர் அதற்கப்பால் செல்லவில்லை. அவர் கண்டது ஓர் ஏணி. மேற்படியில் நிற்பவன் அங்கு நிற்பதற்குக் கீழ்ப்படியில் நிற்பவனின் உழைப்புக் காரணமா என்ற கேள்விக்கு அவ்வேணியில் இடமில்லை.

அக்கேள்வியை அமெரிக்க மண்ணிலேயே எழுப்பியவர் சீ. றைற் மில்ஸ். 1951இல் வெளிவந்த 'வெள்ளைக் கழுத்துப்பட்டி' என்ற நூலில் அவர் ஒரு வரலாற்றுக் கணக்கை முன்வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் தொழில் புரிந்தோரில் ஐந்தில் நான்கு பங்கினர் சொந்தமாக நிலமோ தொழிலோ உடையோராயிருக்கக்கூடும்; 1940 அளவில் அத்தகையோர் ஐந்தில் ஒரு பங்கினரே. பழைய நடுத்தரத்தாரிடம் உடைமை இருந்தது. புதிய நடுத்தரத்தாரிடம் இருப்பது சம்பளமும் சலவை செய்த சட்டையும் மட்டுமே. அவர்களை நடுத்தரத்தார் என்று அழைப்பதே ஒரு மயக்கம் என்பது மில்ஸ் காட்டிய உண்மை.

இதே உண்மையை மேடையில் நிறுத்தியது 1949இல் அரங்கேறிய ஆதர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்'. வில்லி லோமன் பதிவேட்டின்படி கூலிக்காரன் அல்லன். அவனுக்குச் சொந்த வீடு உண்டு. ஊர் ஊராகச் செல்லும் கௌரவமான தொழிலும் உண்டு. ஆனால் முதுமையில் சம்பளம் நிறுத்தப்பட்டுத் தரகுப்பணம் மட்டும் எஞ்சுகிறது. அயலவனிடம் வாரந்தோறும் கடன் வாங்கி அதையே தன் உழைப்பின் ஊதியமென்று மனைவியிடம் கொடுக்கிறான். இறுதியில் முதலாளியின் மகன் அவனை வேலையிலிருந்து விலக்கிவிடுகிறான். வீட்டுக் கடனின் கடைசித் தவணை கட்டப்படும்போது அவ்வீட்டில் வாழ அவன் இல்லை. மில்லரின் வெற்றி லோமனின் வறுமையைக் காட்டியதில் இல்லை. தன்னைப் பற்றித் தான் கொண்ட எண்ணத்துக்கும் உற்பத்தி உறவில் தான் வகிக்கும் இடத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஒரு மனிதன் விழுந்து மடிவதைக் காட்டியதிலேயே அது தங்கியுள்ளது.

மார்க்ஸின் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தின் இறுதி அத்தியாயம் 'வர்க்கங்கள்' என்பதாகும். எங்கெல்ஸ் 1894இல் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார். வர்க்கத்தை ஆக்குவது எது என்ற வினாவை அங்கே மார்க்ஸ் எழுப்புகிறார். வருவாயும் அதன் ஊற்றுமே என்று முதற்பார்வைக்குத் தோன்றும் விடையை எடுத்துக்கொண்டு, அவ்வாறாயின் மருத்துவரும் அரச உத்தியோகத்தரும்கூடத் தனித்தனி வர்க்கங்களாகிவிடுவரே என்று தடை எழுப்புகிறார். அச்சில ஏடுகளோடு கைப்பிரதி நின்றுவிடுகிறது. விடை எழுதப்படவில்லையாயினும், தொழிலும் வருமானமும் போதிய விடையல்ல என்பது அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது.

நிற்க. இனி வன்னிக்கு வருவோம்.

அமெரிக்க ஆய்வாளர் நூலிலே செய்ததை இலங்கையின் அரசு சட்டத்திலேயே செய்துவிட்டது என்பதைப் பலர் அறியார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய காணிகளைப் பெறத்தக்கோரை வகைப்படுத்தியது. ஒரு வகையினர் விவசாயிகள். மற்றொரு வகையினர் 'மத்திய வகுப்பினர்'. விவசாயி அல்லாதவராய், சட்டம் குறித்த எல்லையைத் தாண்டாத வருமானமுடையவராய் இருப்பவர் மத்திய வகுப்பினர் ஆவர். ஆகவே கிளிநொச்சிப் பகுதியில் 'மத்திய வகுப்புத் திட்டக் காணி' என்ற சொற்றொடர் இன்றும் வழங்குவதில் வியப்பில்லை. எங்கள் மண்ணில் மத்திய வகுப்பு என்பது வெறும் பேச்சு வழக்கு அன்று. வருமானத்தைப் பார்த்து அரசு அளந்து கொடுத்த காணியின் பெயர்.

இச்சட்டத்தின் விளைவு யாது? இரணைமடுக் குளத்தின் கீழும் பிற குளங்களின் கீழும் குடியேற்றங்கள் எழுந்தன. உலர்வலயக் குடியேற்றங்களில் விவசாயக் குடும்பமொன்றுக்குப் பொதுவாக 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் வழங்கப்பட்டன. 1953இல் இது 3 ஏக்கர் வயலும் 2 ஏக்கர் மேட்டுநிலமுமாகக் குறைக்கப்பட்டது. மத்திய வகுப்பினர் பெற்றவையோ அதைவிடப் பெரிய காணிகள். அவற்றைப் பெற்றோரிற் பலர் உத்தியோகத்தராயும் வணிகராயும் வெளியூர்களில் வாழ்ந்தவர். அவர்தம் காணியில் காடு வெட்டவும் வரம்பு கட்டவும் அரிவு வெட்டவும் வேறு கைகள் வேண்டியிருந்தன. வருமான எல்லை வகுத்த சட்டம் இவ்வாறு தானே ஒரு வர்க்க உறவையும் விதைத்தது.

நீரும் நிலத்தின் பின்னாலேயே செல்கிறது. காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்திலோ குளத்தில் உள்ள நீருக்கேற்ப விதைக்கும் பரப்புக் குறைக்கப்பட்டு, காணியுடையோரிடையே பங்காகப் பிரிக்கப்படுகிறது. காணியில்லாதவனுக்கு அப்பங்கில் இடமில்லை; பங்குடையவனிடம் குத்தகைக்குப் பெறுதலே அவனுக்குள்ள வழி. காணியின் உரித்து இறங்குவதிலும் அக்கட்டளைச் சட்டம் நெடுங்காலமாக ஆண்வழியினருக்கே முன்னுரிமை தந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை மாற்றியது. எனவே ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தங்கையும்கூட ஒரே வர்க்கத்தில் வாழ்ந்து முடிப்பர் என்ற உறுதி இருக்கவில்லை.

இப்பின்னணியில் எங்கள் நாவல்களை நோக்குவோம்.

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வெளிவந்தது. முல்லைத்தீவுக்கு அணித்தான தண்ணிமுறிப்பை அது களமாகக் கொண்டது. கதிராமனையும் பதஞ்சலியையும் வன்னி மண்ணின் வெள்ளை உள்ளத்தின் வடிவங்களாகக் கண்டு பாராட்டியோர் பலர். அப்பாராட்டு நியாயமானதே. ஆயினும் அந்நாவலில் நம் ஆய்வுக்குப் பயன்படும் செய்தி வேறொன்று. கதிராமன் வசதியுள்ள வீட்டின் பிள்ளை. தந்தையின் விருப்பை மீறிப் பதஞ்சலியைத் தன் துணையாக ஏற்கும்போது தந்தையின் வீட்டை மட்டுமன்றி, அவ்வீட்டின் வயலையும் மாட்டையும் அவன் இழக்கிறான். எஞ்சுவன அவன் கைகளும் காடும். தந்தையும் மகனும் ஒரே தொழிலினர், ஒரே காட்டின் மக்கள், ஒரே குருதியினர். ஆனால் ஒருவர் உடைமையாளர், மற்றவன் உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவன். தொழிலை மாற்றாமலே ஒரு மனிதன் வர்க்கம் மாறுவதை இந்நாவல் காதற் கதையின் போக்கிலேயே இயல்பாகக் காட்டிவிடுகிறது. அவ்வூருக்கு வரும் ஆசிரியன் சுந்தரலிங்கத்தின் இடமும் கருதத்தக்கது. மழையையும் விளைச்சலையும் எதிர்பாராத மாதச் சம்பளம் அவனுடையது. அக்காட்டில் அது ஒரு புதிய பொருள். அவனுக்கும் அத்தம்பதியருக்குமிடையே நிகழும் துயரத்தைத் தனிமனித பலவீனமாக மட்டும் படித்தால் நாவலின் பாதியை நாம் இழந்துவிடுவோம்.

செங்கை ஆழியானின் 'காட்டாறு' 1977இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் அரச நிருவாக சேவையில் இருந்தவர். காணிக் கச்சேரியின் உள்ளும் புறமும் அறிந்தவர். வெளியிலிருந்து வந்த வசதி படைத்தோரும் அவர்களோடு கைகோத்த அதிகாரிகளும் ஒரு வன்னிக் கிராமத்தின் எளிய விவசாயிகளைச் சுரண்டுவதை அந்நாவல் அஞ்சாது சித்திரித்தது. 'நிலக்கிளி' தொடாத இடத்தை இது தொட்டது: நிலத்தைப் பகிரும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே அவ்விடம். இஃது அதன் பெருஞ் சிறப்பு. எனினும் நாவலின் சினம் பெரிதும் தனிமனிதரின் ஒழுக்கக்கேட்டின் மீதே பாய்கிறது. கெட்ட அதிகாரியின் இடத்தில் நல்ல அதிகாரி வந்துவிட்டால் அக்கிராமத்தின் துயர் தீருமா என்ற வினாவுக்கு நாவல் தெளிவான விடை தரவில்லை. இலஞ்சம் வாங்காத ஒருவர் சட்டத்தை எழுத்துப் பிசகாது நிறைவேற்றியிருந்தாலும் பெரிய காணி ஒரு வகுப்புக்கும் சிறிய காணி இன்னொரு வகுப்புக்குமே சென்றிருக்கும். தீமை மனிதரில் இருந்ததைவிட முறைமையில் ஆழமாக இருந்தது.

தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' 2004இல் வெளிவந்த நாவல். காட்டை வயலாக்கிய குடும்பங்களின் கதையைத் தலைமுறைகளினூடாக அது சொல்கிறது. பாம்பும் யானையும் மலேரியாவும் நிறைந்த நிலத்தைத் தம் உடலால் வென்ற அம்மக்களின் பெருமையை இவ்வளவு அன்போடு எழுதியவர் சிலரே. சிறு உடைமையாளனான உழவனின் உள்ளத்தை, நிலம் அவனுக்கு உறவாகவே மாறிவிடுவதை, இந்நாவலில் நாம் காண்கிறோம். இதற்குமேல் ஒரு நாவலிடம் அனைத்தையும் கேட்டல் முறையன்று. ஆனால் வன்னி நாவல் என்ற முழு மரபிடம் ஒன்றைக் கேட்கலாம்: நிலம் பெற்றவரின் கனவு எழுதப்பட்டுள்ளது, நிலம் பெறாதவரின் நாள் எங்கே எழுதப்பட்டுள்ளது?

அவர்கள் யார் என்பதை வன்னியிலுள்ளோர் அறிவர். மலையகத் தோட்டங்களிலிருந்து 1970களின் பஞ்சத்தாலும், 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களாலும் துரத்தப்பட்டு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறின. தோட்டத்திலே கொழுந்து பறித்த கைகள் இங்கே களை பிடுங்கின. மிளகாய்க் கன்றுக்கு நீர் இறைத்தன. பிறர் பெயரிலுள்ள காணியின் மூலையிலோ, பத்திரமில்லாத துண்டிலோ அவர்களிற் பலர் குடிசை போட்டனர். தொழில் மாறியது, ஊர் மாறியது. உடைமையற்ற உழைப்பாளர் என்ற நிலை மாறவில்லை.

வருமானம் உயர்ந்தால் வர்க்கம் மாறிவிடும் என்போருக்கு 1970 முதல் 1977 வரையான ஆண்டுகள் நல்ல பாடம். அன்றைய அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் அவற்றின் விலை ஏறியது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்களில் காணி பெற்றோர் நிமிர்ந்து நின்றனர். கூலியாட்களுக்கும் வேலை மிகுந்தது. எல்லாருடைய வருமானமும் உயர்ந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது, இறக்குமதி மிளகாய் சந்தையை நிறைத்தது, விலை விழுந்தது. காணியுடையவன் நட்டமடைந்தான், ஆனால் காணி அவனிடம் இருந்தது. கூலியாளிடம் உயர்ந்த நாட்களின் நினைவைத் தவிர ஒன்றுமில்லை.

இதனினும் கொடிய பாடத்தை 2009 தந்தது. வன்னியின் மக்கள் அனைவரும் வீடு, மாடு, உழவு இயந்திரம், நகை யாவும் இழந்து, செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாமில் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றனர். அன்று அங்கே எவருக்கும் வருமானமில்லை, எவருக்கும் தொழிலில்லை. வோணரின் அளவுகோலை அம்முகாமுக்குள் கொண்டு சென்றிருந்தால் எல்லாரும் ஒரே புள்ளி பெற்றிருப்பர்; வர்க்கமற்ற சமுதாயம் ஒன்று முட்கம்பி வேலிக்குள் பிறந்துவிட்டதாக அது அறிவித்திருக்கும்! ஆனால் மீள்குடியேற்றம் தொடங்கியதும் நிகழ்ந்தது என்ன? உறுதியோ அனுமதிப்பத்திரமோ உடையவர் தம் காணிக்குத் திரும்பினர். அஃதில்லாதவர் திரும்பிச் சென்ற இடம் பிறர் காணியும் குளக்கட்டின் ஓரமுமே. இந்திய உதவியுடனான வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. அதைப் பெறுவதற்கும் காணியுரித்தைக் காட்ட வேண்டியிருந்தது. காணி உள்ளவனுக்கு வீடும் கிடைத்தது. காணி இல்லாதவனுக்கு வீடும் இல்லாமற் போயிற்று. எல்லாம் அழிந்தபோதும் அழியாமல் நின்ற அவ்வேறுபாட்டின் பெயர்தான் வர்க்கம்.

வன்னியின் போரை எழுதிய கதைகள் இன்று நிறையவே உள்ளன. அனைவரும் ஒன்றாகத் துன்புற்றதை அவை எழுதின, எழுதவேண்டியதும் அதுவே. ஆனால் அனைவரும் ஒன்றாகத் திரும்பவில்லை என்பதை எழுதவேண்டிய கடமை இன்னும் மீதமிருக்கிறது.

இன்றைய நிலையையும் சுருங்க நோக்குவோம். 2023இல் அரசு 'அஸ்வெசும' என்ற நலன்புரித் திட்டத்தைத் தொடங்கியது. 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளியிட்டு, உதவி பெறுவோரை நான்கு வகுப்புகளாக்கியது. மிக வறியவர் என முடிவு செய்யப்பட்டோருக்கு அப்போது மாதம் 15,000 ரூபா. அதற்கு மேற்பட்ட வகையினருக்குப் படிப்படியாகக் குறைந்த தொகை. உதவி கிடைப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு கிராமத்தின் கூலியாட்கள் இப்புள்ளிக் கணக்கால் ஒருவரோடொருவர் பிணங்குவதும், அவர்கள் எல்லாருக்கும் நிலமில்லை என்ற பொதுச் செய்தி அப்பிணக்கில் மறைந்துபோவதும் கவனிக்கத்தக்கன. ஏணியில் படி எண்ணும் முறையின் அரசியல் விளைவு இது.

வயலில் அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. அரிவு வெட்டுக் கூலியை நம்பியிருந்த பெண்களின் நாட்கள் குறைந்தன. அவர்களின் புதல்விகள் விடியுமுன் பேருந்தேறிக் கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். சிலருடைய வீடுகளில் நுண்கடன் வாரத் தவணை காத்திருக்கிறது. பதிவேட்டின் நிரலில் அவர்கள் விவசாயியின் பிள்ளைகள். உண்மையில் இந்நிலத்தின் புதிய தொழிலாளர் வர்க்கம். அவர்களைப் பற்றிய பெருநாவலொன்றை வன்னி இன்னும் எதிர்பார்த்திருக்கிறது.

ஆசிரியர்களாகிய எம்மை நாமே விலக்கிவிட்டுப் பேசுதல் நேர்மையாகாது. 2021இல் சம்பள முரண்பாட்டுக்கெதிராக நாடெங்கும் ஆசிரியர் மூன்று மாதங்களுக்கு மேலாகப் போராடினர். உழைப்பை விற்று வாழ்வோர் என்ற நிலையில் நாம் அன்று நின்றோம். அது சரியான நிலை. அதே வேளையில் எம்மில் ஒரு சாராருக்கு வாய்க்காலின் கீழ்க் காணியும் உண்டு; அக்காணியிலிருந்து குத்தகையும் வருகிறது. சம்பளத்துக்காகப் போராடும் கை ஒன்று, குத்தகை வாங்கும் கை மற்றொன்று. இரண்டும் ஒரே உடலில் இருப்பதை 'ஆசிரியர்' என்ற தொழிற்பெயர் சொல்வதில்லை. இதனை எழுதத் துணியும் ஆசிரிய எழுத்தாளர், மில்லர் தம் நாட்டாருக்குச் செய்த பணியை எமக்குச் செய்தவராவார்.

ஆகவே ஒரு நாவலையோ சிறுகதையையோ கையில் எடுக்கும் மாணவன் முதலிற் கேட்கவேண்டிய வினா, இப்பாத்திரம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பது அன்று. என்ன தொழில் செய்கிறது என்பதுமன்று. இவன் நிற்கும் நிலம் யாருடையது? இவன் பாய்ச்சும் நீருக்கு யார் அனுமதி தருகிறார்? விளைச்சல் பொய்த்தால் நட்டம் யார் தலையில் விழுகிறது? இவன் மாண்டபின் இவன் மகளுக்கு எஞ்சுவது யாது? இவ்வினாக்களுக்குக் கதையின் நிகழ்ச்சிகளிலிருந்தே விடை கிடைக்குமாயின் அது வர்க்கத்தை உணர்ந்த படைப்பு. ஆசிரியர் அச்சொல்லை ஓரிடத்திலும் எழுதாவிட்டாலும் அப்படியே. விடை கிடைக்காதாயின், பக்கத்துக்குப் பக்கம் ஏழையின் கண்ணீர் சிந்தினும் அது இரக்கத்தைத் தூண்டும் படைப்பாகவே நின்றுவிடும்.

இரக்கம் வேண்டாமென்பதல்ல. இரக்கம் கஞ்சி ஊற்றும். காணியைக் கேட்கத் துணியாது. வன்னியின் நிலமற்ற மக்கள் கேட்டு நிற்பது காணி. அவர்களைப் பற்றி எழுதுவோரும் அவ்வெழுத்தை எடைபோடுவோரும் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.